ப்ளூ கட் கண்ணாடியா, பவர் டெஸ்ட்டா, மானிட்டரா: ஒரு விடுதிப் பையனின் 3,000 ரூபாய்

போன மாதம் தம்பி கோயம்புத்தூர் விடுதியிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு சீட்டின் படம் அனுப்பினான். கண்ணாடிக் கடையில் எழுதிக் கொடுத்த விலை. ப்ளூ கட் லென்ஸ் (திரையின் நீல ஒளியைத் தடுக்கும் என்று சொல்லி விற்பது), ஃபிரேம், துடைக்கிற துணி எல்லாம் சேர்த்து 2,800 ரூபாய். கீழே அவன் கேள்வி: "அக்கா, வாங்கிடவா? லேப்டாப் பாத்தாலே கண்ணு எரியுது. சாயங்காலம் ஆனா தலைவலி."

மூன்றாம் வருடம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறான். காலையில் வகுப்பில் ப்ரொஜெக்டர், மதியம் லேப், ராத்திரி பிளேஸ்மென்ட்டுக்கான கோடிங் பயிற்சி. அதெல்லாம் முடிந்து விளக்கை அணைத்த பிறகு போர்வைக்குள் போன். "ஸ்கிரீன் பாக்குறதக் குறைடா" என்று சொல்வது எளிது, ஆனால் படிப்பே அதில்தான் இருக்கிறது. அதனால் அந்த யோசனையை ஆரம்பத்திலேயே ஓரம் வைத்துவிட்டேன். அப்பா தருவதாகச் சொன்னது 3,000 ரூபாய். அதை எதில் போட்டால் கண்ணுக்கு உருப்படியாக ஏதாவது நடக்கும் என்று இரண்டு பேரும் பத்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம்.

கடைக்குப் போகும் முன் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். "கண்ணு போச்சு" என்று நாம் ஒரே மூச்சில் சொல்வதற்குள் மூன்று வேறு வேறு சங்கதிகள் இருக்கின்றன. எரிச்சல், உறுத்தல், மணல் விழுந்த மாதிரி இருப்பது எல்லாம் கண்ணின் மேற்பரப்பு காய்வதால் வருவது. தலைவலி, கண்ணுக்குப் பின்னால் கனம், நிமிர்ந்து தூரத்தில் பார்த்தால் சில நொடி மங்கலாகத் தெரிவது ஆகியவை, கிட்டத்தில் பார்க்க லென்ஸை வளைக்கும் தசை ஓய்வில்லாமல் வேலை செய்வதால் வருபவை. கரும்பலகை எப்போதுமே மங்கல், பஸ் போர்டு கிட்டே வந்தால்தான் தெரிகிறது என்றால் அது பவர். மூன்றுக்கும் மருந்து ஒன்றல்ல. ஒன்றுக்கானதை வாங்கிவிட்டு மற்றது தீரும் என்று காத்திருந்தால் காசுதான் போகும்.

தம்பிக்கு எரிச்சலும் உண்டு, தலைவலியும் உண்டு. கரும்பலகை? "கடைசி பெஞ்ச்ல உக்காந்தா கொஞ்சம் கஷ்டம்தான். ஆனா எல்லாருக்கும் அப்படித்தானே?" அந்த "எல்லாருக்கும்" என்ற வார்த்தை எனக்கு நெருடியது.

சரி, முதலில் ப்ளூ கட். கடையில் என்ன சொல்லி விற்றார்கள் என்று கேட்டேன். கடைக்காரர் இழுப்பறையிலிருந்து ஒரு லேசர் பேனாவும் வெள்ளை அட்டையும் எடுத்திருக்கிறார். சாதா லென்ஸ் வழியே பேனாவை அடித்தால் அட்டையில் ஊதாப் புள்ளி விழுகிறது. ப்ளூ கட் லென்ஸ் வழியே அடித்தால் புள்ளியைக் காணோம். "பாத்தீங்களா தம்பி, இந்த லைட்டுதான் உங்க லேப்டாப்ல இருந்து நேரா கண்ணுக்குள்ள போகுது." ஊர் ஊருக்கு நடக்கிற வித்தைதான் இது. அந்த மாதிரிப் பேனாக்கள் பொதுவாக உமிழ்வது 405 நானோமீட்டர் அளவிலான ஊதா ஒளி. லேப்டாப் திரைக்குப் பின்னால் இருக்கும் எல்இடியின் நீலம் உச்சத்தில் இருப்பது 450 நானோமீட்டர் பக்கம். முன்னதை மொத்தமாக மறிக்கிற லென்ஸ், பின்னதில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். அதையும் மொத்தமாக மறித்தால் லென்ஸ் நல்ல மஞ்சளாகிவிடும், அதை எந்தக் காலேஜ் பையன் போட்டுக்கொள்வான்? கடையில் கிடைக்கிற சாதாரண ப்ளூ கட் லென்ஸ் வடிகட்டுவது நீல ஒளியில் சுமார் 10 முதல் 25 சதவீதம்.

அந்த நீலம்தான் கண்ணைக் களைக்க வைக்கிறதா என்பது அதற்கும் முந்தைய கேள்வி. மருத்துவச் சோதனைகளைத் தொகுத்துச் சலித்துப் பார்க்கிற காக்ரேன் அமைப்பு, மெல்பர்ன் பல்கலைக்கழகக் குழுவின் தலைமையில் செய்த ஆய்வை 2023 ஆகஸ்டில் வெளியிட்டது. 17 சோதனைகளை எடுத்துப் பார்த்தார்கள். ப்ளூ கட் போட்டவர்களுக்கும் சாதா லென்ஸ் போட்டவர்களுக்கும் கணினி வேலையால் வரும் கண் களைப்பில் குறுகிய காலத்தில் வித்தியாசம் இல்லாமல் இருக்கலாம் என்பதுதான் கிடைத்த பதில். சோதனைகள் சிறியவை, நீண்டகாலப் பலன் பற்றி அவற்றை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். கணினித் திரை போன்றவற்றிலிருந்து நம் கண்ணுக்கு வரும் நீல ஒளி, பகல் வெளிச்சத்தில் வருவதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் என்றும் அந்தக் குழு சொன்னது. கோவையில் கல்லூரி வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் வரை பகலில் நடக்கிற பையனுக்குத் திரையின் நீலத்துக்குப் பயப்பட என்ன இருக்கிறது? அமெரிக்கக் கண் மருத்துவர்களின் அகாதமியும் கணினி வேலைக்கென்று இந்தக் கண்ணாடியைப் பரிந்துரைப்பதில்லை. பிரிட்டனில் 2017இல் பூட்ஸ் ஆப்டிசியன்ஸ் நிறுவனத்துக்கு, நீல ஒளி பற்றி மிகைப்படுத்தி விளம்பரம் செய்ததற்காக 40,000 பவுண்டு அபராதமே விதித்தார்கள்.

"எனக்குப் போட்டதும் நல்லா இருந்துச்சே" என்று சொல்பவர்களை நான் பொய் சொல்வதாக நினைக்கவில்லை. பெரும்பாலும் அந்தக் கண்ணாடி வாங்கப் போன அன்றுதான் அவர்கள் முதல்முறையாகப் பவர் பார்த்திருப்பார்கள். இல்லையென்றால் லென்ஸோடு சேர்ந்து வந்த ஆன்ட்டி கிளேர் பூச்சு, ட்யூப்லைட் பளபளப்பைக் குறைத்திருக்கும். பெயர் மட்டும் நீலத்துக்குப் போய்விடுகிறது.

அடுத்தது பவர் பார்ப்பது. இதில் நான் பட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். கல்லூரி இரண்டாம் வருடத்தில் எங்கள் ஊர்க் கடைவீதியில் ஒரு கடைக்குப் போனேன். "கம்ப்யூட்டர் கண் பரிசோதனை இலவசம்" என்று போர்டு. தாடையை வைத்து உள்ளே பார்த்தால் நீண்ட சாலை, அதன் முடிவில் ஒரு பலூன். பலூன் மங்கி, தெளிந்து, மறுபடி மங்கும். அரை நிமிடத்தில் ஒரு சீட்டு வந்து விழுந்தது, மைனஸ் 1.25. மைனஸ் என்றால் கிட்டப்பார்வை, தூரத்தில் இருப்பது மங்கல். அதை அப்படியே லென்ஸாக்கிக் கொடுத்துவிட்டார்கள். தூரத்தில் எல்லாம் வெட்டிவைத்த மாதிரித் தெரிந்தது. நானும் சந்தோஷமாகப் போட்டுக்கொண்டு திரிந்தேன். ஆனால் படிக்க உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் நெற்றிப் பொட்டு இரண்டும் தெறிக்கும். ஒன்றரை வருடம் கழித்து ஒரு கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடி முக்கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்துப் பார்த்தபோது கிடைத்த பவர் மைனஸ் 0.75.

அந்த அரை பாயின்ட் எங்கிருந்து வந்தது என்றால், இருபது வயதில் ஃபோகஸ் தசைக்கு வலு அதிகம். எந்திரத்துக்குள் எட்டிப் பார்க்கும்போது பொருள் கிட்டத்தில் இருப்பதாக நினைத்துக் கண் தன்னையறியாமல் இழுத்துப் பிடிக்கும். சாலையும் பலூனும் காட்டுவதே பார்வையைத் தூரத்தில் லயிக்கவைத்து அந்தப் பிடியைத் தளர்த்தத்தான், ஆனால் இளம் கண் முழுசாகத் தளராது. அதனால் மைனஸ் கூடுதலாக வரும். சொட்டு மருந்து அந்தத் தசையைக் கொஞ்ச நேரம் தூங்கவைத்துவிடுகிறது, அதன்பின் கிடைப்பதுதான் நிஜமான எண். கூடுதல் மைனஸ் போட்டுக்கொண்டு படிப்பது, பையில் அரைக் கிலோ கல்லைத் தெரியாமல் சுமந்துகொண்டு நடப்பது மாதிரி. தூரத்தில் தெளிவாகத் தெரிவதால் கண்ணாடி மேல் யாருக்கும் சந்தேகமே வராது. எந்திரச் சீட்டு தப்பு என்று சொல்லவில்லை. அது ஆரம்பப் புள்ளி. அதற்கு மேல் ஒருவர் உட்கார்ந்து லென்ஸ் மாற்றி மாற்றி "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்க வேண்டும்.

செலவைப் பார்த்தால் இதுதான் மலிவு. அரசு மருத்துவமனைக் கண் பிரிவில் காசே கிடையாது, வரிசையில் நிற்கிற பொறுமை இருந்தால் போதும். சென்னையில் படிப்பவர்களுக்கு எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது, 1819இலிருந்து இயங்குவது. கோவையில் அரவிந்தும் சங்கராவும் உண்டு. தனியாரில் சில நூறு ரூபாயில் முடியும். சிரமம் என்னவென்றால் ஒரு நாள் போய்விடும். சொட்டு விட்ட பிறகு கிட்டத்தில் எழுத்து தெரியாது, வெயில் கூசும். எந்த மருந்து என்பதைப் பொறுத்துச் சில மணி நேரமோ, ஒரு நாளோ, அதற்கு மேலோ நீடிக்கும். இன்டர்னலுக்கு முந்தின நாள் போய்விட்டு என்னைத் திட்டாதீர்கள். வண்டி ஓட்டிக்கொண்டும் போகாதீர்கள்.

"இருபது வயசுக்கு மேல பவர் ஏறாது, இனிமே எதுக்குப் பாக்கணும்" என்று வீட்டில் ஒரு பேச்சு இருக்கும். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஒரே தலைமுறை இளைஞர்களை 20 வயதிலும் 28 வயதிலும் சோதித்த ஆய்வு 2022இல் வந்தது. 20 வயதில் கிட்டப்பார்வை இல்லாதவர்களில் ஏறக்குறைய ஏழில் ஒருவருக்கு அந்த எட்டு வருடத்தில் அது வந்திருந்தது. மெதுவாக ஏறுகிறது, ஆனால் ஏறுகிறது.

இனி மானிட்டர். தம்பிக்கு உண்மையில் ஆசை இதில்தான். சீனியர் ஒருவர் காலி செய்துவிட்டுப் போகும்போது 22 இஞ்ச் மானிட்டரை 3,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். பெரிய திரை என்றால் கண்ணுக்கு நல்லது என்று எனக்கும் தோன்றியது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்ததில் வேறு கதை வந்தது.

கணக்கு எளிது. கண்ணுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரத்தை சென்டிமீட்டரில் அளந்து, 100ஐ அதால் வகுத்தால் வருவதுதான் கண் செய்கிற ஃபோகஸ் வேலை, டயாப்டர் கணக்கில். தம்பியின் அறைத் தோழனிடம் 30 சென்டிமீட்டர் ஸ்கேலைக் கொடுத்து, அவனுக்குத் தெரியாமல் அளக்கச் சொன்னேன். (ராத்திரி பன்னிரண்டு மணிக்கு முகத்துக்குப் பக்கத்தில் ஸ்கேல் வந்ததும் அலறிவிட்டானாம்.) படுக்கையில் போன் இருந்தது 18 சென்டிமீட்டரில். வகுத்தால் ஐந்தரைக்கு மேல். மேசையில் லேப்டாப் 55 சென்டிமீட்டர், வேலை 1.8. மானிட்டரைச் சுவரோரம் தள்ளிவைத்தால் 70 சென்டிமீட்டர், வேலை 1.4.

இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். 3,000 ரூபாய் கொடுத்து லேப்டாப்பிலிருந்து மானிட்டருக்குப் போனால் மிச்சமாவது 0.4. காசே இல்லாமல் போனில் படிக்கிற பிடிஎஃப்பை லேப்டாப்பில் திறந்தால் மிச்சமாவது நாலுக்குக் கொஞ்சம் கீழே. எழுத்து சின்னதாக இருக்கிறதென்றால் லேப்டாப்பிலேயே 125 சதவீதம் பெரிதாக்கிக்கொண்டு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளலாம். மானிட்டரில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. அதை உயரமாக வைத்தால் கழுத்துக்கு சுகம், ஆனால் நிமிர்ந்து பார்க்கும்போது இமை அகலத் திறந்து கண்ணீர்ப் படலம் சீக்கிரம் ஆவியாகும். எரிச்சல் இருப்பவனுக்குத் திரை கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இருப்பதுதான் நல்லது. எட்டு மணி நேரம் கோட் எழுதுகிறவனுக்கு, கழுத்து வலிக்காக மானிட்டர் வாங்கலாம், நான் தடுக்க மாட்டேன். கண்ணுக்காக என்றால் இந்தப் பட்ஜெட்டில் வேண்டாம்.

எரிச்சலுக்கு வருவோம். 1993இல் ஜப்பானிய மருத்துவர்கள் இருவர் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு சின்ன அளவீட்டை வெளியிட்டார்கள். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 22 முறை கண் சிமிட்டினவர்கள், புத்தகம் படிக்கும்போது 10 முறையும் கணினித் திரையைப் பார்க்கும்போது 7 முறையும் சிமிட்டினார்கள். சிமிட்டாத கண் காய்கிறது. அதற்கு மேல் விடுதி அறையின் ஃபேன். கட்டிலுக்கு நேர் மேலே ஐந்தில் சுற்றுகிற சீலிங் ஃபேனை ஏப்ரலில் யாராலும் அணைக்க முடியாது, ஆனால் முகத்துக்கு நேராக வைத்த டேபிள் ஃபேனைக் கால் பக்கம் திருப்பலாம். அதற்கும் அடங்காவிட்டால் கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் என்று எழுதியிருக்கும் செயற்கைக் கண்ணீர். மெடிக்கலில் ஒன்றிரண்டு நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஒரு நாளைக்கு நாலு முறைக்கு மேல் தேவைப்பட்டால் ப்ரிசர்வேட்டிவ் இல்லாத வகையாகக் கேட்க வேண்டும்.

ஆனால் மெடிக்கலில் "கண் எரியுது, ஏதாவது குடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். சிவப்பைக் குறைக்கிற சொட்டு கொடுத்தால் இரண்டு நாள் கண் பளிச்சென்று இருக்கும், நிறுத்தியதும் முன்னைவிடச் சிவக்கும். அதைவிட மோசம் ஸ்டீராய்டு கலந்த சொட்டு. எரிச்சல் உடனே அடங்குவதால் பிடித்துப்போகும், மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறலாம், கண்புரையும் வரலாம். அறைத் தோழனுக்கு மெட்ராஸ் ஐ வந்தபோது எழுதிக் கொடுத்த பாட்டிலை எடுத்து விட்டுக்கொள்கிற பழக்கம் எல்லா விடுதியிலும் இருக்கிறது. என் பட்டியலில் பணம் செலவாகாமல் பார்வைக்கே ஆபத்து வருகிற ஒரே வழி அதுதான்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் 20 நொடி பார்ப்பது என்ற விதி எல்லாருக்கும் தெரியும். அந்த எண்கள் சோதித்துக் கண்டுபிடித்தவை அல்ல, ஞாபகத்தில் நிற்பதற்காக அமைந்தவை. 2023இல் வந்த ஒரு ஆய்வில், டேப்லெட்டில் 40 நிமிடம் படித்தவர்களுக்கு 20 நொடி இடைவேளைகள் குறிப்பிடும்படி உதவவில்லை. அதே சமயம் வெளியான இன்னொன்றில், இரண்டு வாரம் லேப்டாப்பில் நினைவூட்டல் வைத்தவர்களுக்கு உபாதை குறைந்தது, நிறுத்தியதும் பலனும் போய்விட்டது. என் அனுபவத்தில் 20 நொடி போதாது. எழுந்து போய்த் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வருகிற மூன்று நிமிடம் வேலை செய்கிறது.

நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்துப் படிப்பது பழைய முறை, பக்கம் ஒரு ரூபாய். சிமிட்டல் ஏழிலிருந்து பத்தாகும் என்பது பெரிய லாபமில்லை. ஆனால் காகிதத்தில் நோட்டிஃபிகேஷன் வராது, வராந்தாவில் வெளிச்சத்தில் உட்கார்ந்து படிக்கலாம். டார்க் மோட் எல்லாருக்கும் இதம் என்பது தப்பு. கறுப்புப் பின்னணியில் கண்ணின் பாப்பா பெரிதாக விரியும், சிலிண்டர் பவர் (கண்ணின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாததற்கான பவர்) உள்ளவர்களுக்கு வெள்ளை எழுத்து அப்பிக்கொண்டு தெரியும்.

வெளியில் நடமாடுவதற்கு வலுவான ஆதாரம் இருப்பது சின்னப் பிள்ளைகளிடம். சீனாவின் குவாங்சோவில் ஆரம்பப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்டார்கள். மூன்று வருடத்தில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம், அப்படி விடாத பள்ளிகளில் 39.5 சதவீதம். 2015இல் வந்த முடிவு இது. இருபது வயதில் அதே பலன் கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். சாயங்காலம் கிரிக்கெட் ஆடுவதற்கு அனுமதிச் சீட்டாக வேண்டுமானால் வைத்துக்கொள்ளட்டும்.

இந்த ஒப்பீடு எதுவும் பொருந்தாத நிலை ஒன்று உண்டு. திடீரென்று மின்னல் அடித்த மாதிரி ஒளிக்கீற்று, கொத்தாகக் கரும்புள்ளிகள், ஒரு ஓரத்தில் திரை விழுந்த மாதிரி மறைப்பு என்றால் அன்றைக்கே மருத்துவமனை. மைனஸ் பவர் அதிகம் உள்ளவர்களுக்கு விழித்திரை விலகும் வாய்ப்பு கூடுதல், அதைத் திரை பார்த்த களைப்பு என்று தள்ளிப்போடக் கூடாது.

தம்பி ஒரு சனிக்கிழமை போனான். பதிவுக்கும் பரிசோதனைக்கும் 300 ரூபாய் ஆனது. வலது கண் மைனஸ் 0.75. இடது கண் மைனஸ் 0.50, கூட சிலிண்டர் 0.75. டார்க் மோடில் எழுத்து அப்பிக்கொண்டு தெரிவதாக அவன் சொல்லிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அந்த இடது கண்தான் போல. மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது சொட்டு மருந்தில் போன் திரை தெரியாமல், பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்து எனக்கு போன் போடச் சொன்னான். அடுத்த வாரம் அதே சீட்டோடு வேறு கடையில் ஆன்ட்டி கிளேர் லென்ஸும் ஒரு எளிய ஃபிரேமும் 1,500க்கு எடுத்தான். "இன்னும் 400 போட்டா ப்ளூ கட் வந்துரும் சார்" என்று அங்கேயும் கேட்டிருக்கிறார்கள். "லேசர் பேனா வச்சிருக்கீங்களா?" என்று இவன் திருப்பிக் கேட்டானாம்.

செயற்கைக் கண்ணீருக்கு 160. ஆப்பரேட்டிங் சிஸ்டம் நோட்ஸ் ஜெராக்ஸுக்கும் ஸ்பைரல் பைண்டிங்குக்கும் 310. மிச்சம் 700 சொச்சம் பிரியாணிக்குப் போயிருக்கும், நான் கணக்குக் கேட்கவில்லை. தலைவலி இப்போது வாரத்தில் ஒருநாள் வந்தால் அதிகம் என்கிறான். கடைசி பெஞ்சிலிருந்து போர்டு தெரிகிறதாம். படுக்கையில் போன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அறைத் தோழனிடம் கேட்டேன். ஸ்கேலை யாரோ ஒளித்துவைத்துவிட்டார்கள் என்றான்.